முட்டைக் கணக்கில் ஒரு தம்பிடி

மயிலாப்பூர், 7.8.1946

அன்புள்ள அம்மாவுக்கு மர்சலின் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

ஒரு வேடிக்கை கேளுங்கள். நேற்று நான் பாடம் நடத்துவதைப் பார்க்க இன்ஸ்பெக்டரம்மாள் வந்தார்கள். டஜன் முட்டை பன்னிரண்டணாவிலிருந்து பதினைந்தணா வரை விற்றால் ஒரு முட்டை என்ன விலை என்று கணக்குக் கொடுத்தேன். பதற்றத்தில், டஜன் பதினைந்தணாவானால் முட்டை ஓரணா நாலு தம்பிடி என்று பலகையில் எழுதிவிட்டேன். முட்டை விற்பவளின் மகள் பியாட்ரிஸ் எழுந்து, "இன்னா டீச்சர், அணாவுக்குப் பன்னெண்டு தம்பிடின்னா, ஓரணா மூணு தம்பிடிதானே ஆவுது?" என்றாள். அவளையே கூப்பிட்டுத் திருத்தச் சொன்னேன். பிள்ளைகளோடு நானும் சிரித்தேன். இன்ஸ்பெக்டரம்மாள் மட்டும் நோட்டில் நெடுநேரம் எழுதினார்கள். வெள்ளிக்கிழமை முடிவு தெரியும். தேறாவிட்டால் ஆசிரியைப் பயிற்சியை விட்டுவிட வேண்டியதுதான்.

தலையணை உறை ஒன்று அனுப்புங்கள். புதிது வேண்டாம், உங்களுடையதே போதும். துவைக்காமல் அனுப்பினாலும் சரி. ஜெப மணி அடித்துவிட்டது.

மகள்
மர்சலின்