கனவுக்கு நடுவே மருந்து

கணபதி, கோவை
மே 14

அன்புள்ள மெர்சிக்கு,

வீட்டுக்கார அம்மாள் உன் மகளின் மூக்கைப் பிடித்து மருந்து ஊற்றுகிறாள் என்று பல்லடத்திலிருந்து உனக்குச் செய்தி வந்ததாக உன் கணவர் தங்கராஜ் சொன்னார். அது உண்மையில்லை. சளி துடைத்த நாட்களைத் தவிர, டீனாவின் மூக்கை நான் தொட்டதில்லை. கோபத்தில் இதை எழுதவில்லை. தப்பாகச் சொன்னதைத் திருத்தாமல் விடுவது என் பழக்கமில்லை.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ அழுதுவிடுகிறாய், நான் வைத்துவிடுகிறேன். உன் மஸ்கட் ஆஸ்பத்திரித் தோழி சகாயம் விடுப்பு முடிந்து வியாழக்கிழமை திரும்புகிறாளாம். இதை அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

நீ நர்ஸ். டீனாவுக்கு இருக்கும் பிரைமரி காம்ப்ளெக்ஸுக்கு ஆறு மாதம் மருந்து என்றும், காலையில் வெறும் வயிற்றில் கொடுக்கவேண்டும் என்றும், நடுவில் விடக்கூடாது என்றும் உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நீ கிளம்பிய மறுநாளிலிருந்து தங்கராஜ் லேத் பட்டறைக்குப் போகுமுன், ஐந்தரை மணிக்கு, டீனாவைத் தோளில் போட்டுக்கொண்டு மாடியிலிருந்து என் வீட்டுக்கு இறங்கி வருவார். அவள் தலையணையும் கூடவே வரும்.

முதல் வாரம் மாத்திரையைக் கரைத்துப் பாலில் கலந்து கொடுத்தேன். அது என் தவறு. மருந்தையும் விட்டாள், பாலையும் விட்டாள். இன்றைக்கும் வெள்ளையாக எதைக் கண்டாலும் சந்தேகம். இட்லியைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் தொடுகிறாள். பிறகு பனங்கற்கண்டு, தேன், மிரட்டல் எல்லாம் பார்த்தாகிவிட்டது. என்னை மிஸ் என்றுதான் கூப்பிடுகிறாள். நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் சொல்லித்தந்ததில்லை. வாயை மூடி மெல்லு, நேராக உட்கார் என்று சொல்கிறவர்களெல்லாம் அவளுக்கு மிஸ்.

ஒருநாள் அவள் முழுதாக விழிக்கவில்லை. கண்ணை மூடியபடியே, கோழி பஸ் ஓட்டுது மிஸ் என்றாள். எந்தக் கோழி என்று கேட்டேன். பல்லடத்து அத்தை வீட்டுக் கோழியாம். பஸ் அளவுக்கு வளர்ந்துவிட்டதாம். உள்ளே சீட்டெல்லாம் இறகாம். டிக்கெட் கேட்டால் கொத்துமாம். அவள் மூச்சு வாங்கிய இடத்தில் ஒரு வாய் கொடுத்தேன். விழுங்கிவிட்டு, அப்புறம் பஸ் எங்கே போச்சு தெரியுமா என்றாள். கதை முடிவதற்குள் கிண்ணம் காலி.

அன்றிலிருந்து அப்படித்தான். பட்டறைகள் ஓடத் தொடங்காத நேரம். ஜன்னலில் வெளிச்சம் பால் நீலமாக நிற்கும். அவள் பாதி தூக்கத்தில் சொல்வாள், நான் நடுவே நடுவே கொடுப்பேன். ஒருநாள் நீ உக்கடம் குளத்தின் மேல் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாயாம், உன் கால் நனையவே இல்லையாம். இன்னொரு நாள் பல்லடத்துத் தறிகள் எல்லாம் சேர்ந்து ஒரே நீலத் துணியாக நெய்துகொண்டே போனதில் துணி மஸ்கட் வரைக்கும் போய்விட்டதாம். நீ அதன் மேல் படுத்துத் தூங்கினாயாம். குளத்துக்கும் மஸ்கட்டுக்கும் சம்பந்தமில்லை என்று முதலில் திருத்திப் பார்த்தேன். திருத்திய அன்று மருந்து உள்ளே போகவில்லை. இப்போது திருத்துவதில்லை.

ஈஸ்டர் முடிந்த வாரம் ஒருநாள், உங்களுக்கு என்ன கனவு வந்துச்சு மிஸ், நீங்க சொன்னாத்தான் குடிப்பேன் என்றாள். எனக்குக் கனவே வருவதில்லை என்று பொய் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அன்று வந்திருந்தது. சொல்லிவிட்டேன்.

அதை உனக்கும் சொல்லவேண்டும். என் மகன் ஷெர்வினுக்கு ஐந்து வயது இருக்கும்போது காய்ச்சல் மருந்து குடிக்க மறுத்தான். நான் மூக்கைப் பிடித்து ஊற்றினேன். அப்போது எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். மருந்து மூச்சுக்குழாயில் ஏறி முகம் நீலமாகிவிட்டது. அவன் அப்பா அவனைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டித்தான் மூச்சு வந்தது. அதற்குப் பிறகு அவன் என் கையால் ஒரு வாய் வாங்கிச் சாப்பிட்டதில்லை. மெல்போர்னிலிருந்து ஞாயிறுதோறும் பேசுகிறான். மாத்திரை போட்டுக்கொண்டீர்களா என்று கேட்கிறான். மரியாதையில் குறையில்லை.

கனவில் அவன் சின்னப் பையனாக இருந்தான். மூக்கைப் பிடித்த என் கை விடவே இல்லை. டீனா கேட்டுவிட்டு, கையை விட்டுருங்க மிஸ் என்றாள். விட்டுவிட்டேன் என்றேன். மீதி மருந்தைத் தானாகவே வாங்கிக் குடித்துவிட்டாள்.

அடுத்த வாரம் டீனா பல்லடம் போனபோது, மிஸ் மூக்கைப் பிடிச்சு மருந்து ஊத்துனாங்க என்று அத்தையிடம் என் கனவைத்தான் சொல்லியிருக்கிறாள். உன் நாத்தனார் அன்புச்செல்வி மேல் தப்பில்லை.

அங்கே மருந்து நின்றுபோன தவறு என்னுடையது. டீனாவோடு மாத்திரையும், எப்படிக் கொடுக்கவேண்டும் என்று எழுதிய ஒரு முழுப் பக்கமும் அனுப்பினேன். நேரம், தண்ணீரின் அளவு எல்லாம் எழுதினேன். அந்த மருந்து சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், பயப்படவேண்டாம் என்று மட்டும் எழுதவில்லை. அப்படிப்பட்ட சொற்களைக் காகிதத்தில் எழுதக்கூடாது என்று கான்வென்ட் சிஸ்டர்கள் வளர்த்த கை இது. எழுபத்தாறு வயதிலும் எழுத வரவில்லை. அன்புச்செல்வி அதைப் பார்த்து ரத்தம் என்று பயந்து, மருந்தை நிறுத்திவிட்டு, நான்கு நாள் இளநீர் கொடுத்திருக்கிறாள்.

தங்கராஜ் சொன்னதும் பஸ் ஏறிப் பல்லடம் போனேன். வாசலிலேயே நின்று, தவறு என்னுடையது என்று சொன்னேன். அதை ஒரு வரி எழுதிப்போட்டிருந்தா நான் ஏனுங்க பயப்படறேன் என்று கேட்டாள். கேட்டது சரி. அப்புறம், உள்ள வாங்கம்மா, வெயில்ல வந்திருக்கீங்க என்று மோர் கொடுத்தாள். அன்றைக்கே டாக்டரிடம் காட்டினோம். விட்ட நாட்களைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம், இனிமேல் விடாதீர்கள் என்றார். டீனா இப்போது இங்கேதான் இருக்கிறாள். எடை கூடியிருக்கிறது.

மருந்து இன்னும் ஏழு வாரம் இருக்கிறது. பள்ளிக்கூடம் திறக்குமுன் குழந்தையைத் தன்னோடு கூட்டிப்போவதாக அன்புச்செல்வி சொல்கிறாள். மெர்சி சொல்றபடி செய்யலாமுங்க என்கிறார் தங்கராஜ். அவள் சொந்த அத்தை, அன்பானவள். நான் வாடகைக்கு வீடு விட்டவள். அங்கே அனுப்பு என்றால், இந்த முறை எல்லாச் சொல்லையும் எழுதி அனுப்புகிறேன். கனவைக் கேட்டுக்கொண்டே கொடுக்கவேண்டும், திருத்தக்கூடாது என்றும் எழுதுகிறேன்.

தலையணையை மட்டும் இப்போதெல்லாம் தங்கராஜ் மேலே எடுத்துப்போவதில்லை. என் கட்டிலிலேயே கிடக்கட்டும் என்று டீனா சொல்லிவிட்டாள். நானும் எடுத்து வைக்கவில்லை.

இரவு டியூட்டி முடிந்து படுக்கும்போது ஆண்டவர் உனக்கு நல்ல தூக்கத்தைத் தரட்டும். இங்கே இருக்கிறவளுக்கும் தரட்டும்.

டீனா எங்கே இருக்கவேண்டும் என்பதை, போனில் அல்ல, உன் கையால் எழுதி அனுப்பு.

அன்புடன்,
எமிலி சவரிமுத்து