அண்ணன் காட்டில் ஆட்டுப்பட்டி

21 செப்டம்பர் 2023, வியாழன்

களை வெட்டு முடிந்தது. கடலைச்செடி ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன். பால் பிடித்த பிஞ்சு. இன்னும் ருசி வரவில்லை, ஆனாலும் நின்ற இடத்திலேயே தின்றேன். என் காடு, என் கடலை. யார் கேட்பது?

அண்ணன் செங்கோட்டையன் வழக்கம்போல எல்லைக்கல் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனான். அப்பா பாகம் பிரித்தபோது கல்லுக்குக் கிழக்கே கோயம்புத்தூர் ஜில்லாவில் விழுந்த பாதி அவனுக்கு, மேற்கே கேரளத்தில் விழுந்த பாதி எனக்கு. அவன் பாதியை நாலு வருஷமாக உழவில்லை. வேலிமுள் ஆள் உயரத்துக்கு மண்டிக் கிடக்கிறது. பிளாட் போடுகிறவர் இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால்தான் வாங்குவாராம். ஆடி நோம்பியன்று ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாரையும் வைத்துக்கொண்டு சொன்னான்: "இந்த வெள்ளாமை உன்ற ஊட்டுக்கு வந்து சேந்துச்சுன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். வரலீன்னா விக்கறதுக்குக் கையெழுத்துப் போட்டரோணும்."

சரி என்றேன். ரோசத்தில் சொன்னதுதான். புருஷன் வேண்டாம் என்று வந்தவள், திருப்பூரில் பனியன் தைத்தவள், இவளுக்கு விவசாயம் என்ன தெரியும் என்று நாலு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

25 செப்டம்பர்

பன்றி. காட்டுப்பன்றி. வெடியால போனால், மேட்டோரம் முழுக்கக் கலப்பை வைத்து உழுததுபோலக் கிடக்கிறது. செடி ஒரு பக்கம், வேர் ஒரு பக்கம், சப்பித் துப்பிய காய் ஒரு பக்கம். அடப் பாவிகளா, பிஞ்சைக்கூட விடவில்லையே!

எலப்புள்ளிப் பக்கம் பன்றித் தொல்லை என்று கேட்டதுண்டு. இந்த வெட்டவெளிக் கரிசலில் அதற்கு ஒளிய இடம் ஏது, இங்கே வராது என்று ஊரே சொன்னது. நானும்தான் சொன்னேன். இடம் அண்ணன் காட்டில் இருக்கிறது. குளம்புத் தடம் கல்லைத் தாண்டி நேரே அந்த முள்ளுக்குள் போகிறது.

27 செப்டம்பர்

முள்ளை வெட்டச் சொல்லி அண்ணனிடம் கேட்டேன். செலவில் பாதி தருகிறேன் என்றும் சொன்னேன்.

"முள்ள வெட்டறக்கு எனக்கென்ன வேண்டுதலா? உன்ற காட்ட நீ பாத்துக்க."

அப்போதுதான் உறைத்தது. இவனுக்குப் பன்றி வேண்டும். கூலி கேட்காமல் இவனுக்கு வேலை செய்கிறது. கூடப் பிறந்தவன்! அழுகை வந்தது. அவன் வாசலில் அழக்கூடாது என்று வண்டியை முறுக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

30 செப்டம்பர்

பக்கத்துக் காட்டுக்காரர் யோசனை சொல்கிறார்: "மோட்டார் ரூம்புல இருந்து ஒரு ஒயர இழுத்து உட்டா ரெண்டே நாள்ல சோலி முடிஞ்சுதுங் அம்முணி." விடியுமுன்னே ஒதுங்கப் போகிற பெண் பிள்ளை மிதித்தால் யார் சோலி முடியும்? முடியாது என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் பன்றிக்குப் படையல் போடு என்கிறார். போடுகிறேன், போய்யா.

4 அக்டோபர்

பஞ்சாயத்து ஆபீசில், இந்த வார்டில் பன்றி இருப்பதாகப் புகாரே இல்லை என்றார்கள். மண்ணோடு கொண்டுபோயிருந்த செடிக்கட்டை மேசைமேல் போட்டேன். "அப்ப இதத் தின்னது நானுங்களா?" ஃபைல் எல்லாம் மண். கேரளத்தில் பஞ்சாயத்தே கொடுக்கலாமாம், சுடுவதற்கு உத்தரவு கிடைத்தது.

8 அக்டோபர்

துப்பாக்கி லைசென்ஸ்காரர் மிக்கேல் வந்தார். பீர்மேட்டில் எஸ்டேட் வாட்ச்சராக இருந்தவர், மகள் வீட்டோடு கஞ்சிக்கோட்டுக்கு வந்துவிட்டார். பொழுதோட, சூரியன் இறங்கும் நேரத்தில், ஆறேழு பன்றிகள் முள்ளை விட்டு வெளியே வந்தன. கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றன. தாய்ப்பன்றி எங்களைப் பார்த்தது. மிக்கேல் துப்பாக்கியை இறக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏ தாயி, கேரளத்துக்கு மட்டுந்தான் எனக்கு உத்தரவு. கல்லுக்கு அங்கிட்டு ஒரு குண்டு போச்சுன்னா பன்னிக்குப் பதிலா நான்ல உள்ள கெடக்கணும்!"

பகலெல்லாம் தமிழ்நாட்டில் தூக்கம், இருட்டினால் கேரளத்தில் சாப்பாடு. ரேஷன் கார்டு ஒன்றுதான் அதுகளுக்கு இல்லை.

10 அக்டோபர்

மிக்கேல் வீட்டுக்குப் போனதும் பன்றிகள் வந்து தின்றிருக்கின்றன. கையெழுத்துப் போட மாட்டேன். மாட்டேன்.

14 அக்டோபர்

இன்று ஒரு காரியம் செய்துவிட்டேன்.

காங்கேயத்துப் பக்கமிருந்து சின்னையன் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு வந்தார். நாய்கள் நாலைந்து, ஆட்கள் மூன்று பேர். பட்டி போட எந்தக் காடு என்று ஊரில் விசாரித்துக்கொண்டிருந்தார். ஆடு அடைத்தால் எரு. அதற்குக் குடியானவர்கள் காசு கொடுத்துக் கூப்பிடுவார்கள், காத்தும் கிடப்பார்கள்.

"எங்கண்ணன் காட்டுல போடுங்க" என்றேன். "முள்ளுக்குள்ள பன்னி கெடக்குதுங்க. நாய்களுக்குச் சொல்லி வெச்சுக்குங்க."

"நாங்க பாக்காத பன்னியா, அம்முணி?" என்று வாடகை வண்டியிலிருந்து பட்டி அடைக்கும் மூங்கில் படல்களை இறக்கினார். அண்ணன் பிளாட்காரரைப் பார்க்கக் கோயம்புத்தூர் போயிருந்தான்.

15 அக்டோபர், ஞாயிறு

டீக்கடை முன்னால் அண்ணன் என்னை மறித்தான். "யாரக் கேட்டுடீ என்ற காட்டுல பட்டி போட்டே?"

நான் வாயைத் திறப்பதற்குள் டீக்கடைப் பெஞ்சே திறந்துவிட்டது. "நல்ல ரோசனை செங்கோட்டையா, உனக்கு அடிச்சுது யோகம்" என்கிறார் ஒருவர். "வலிய வந்த சீதேவிய வேண்டாமுன்னு சொல்லீராதே" என்கிறார் இன்னொருவர். எரு வேண்டாம் என்று ஊர் நடுவில் எந்தக் குடியானவன் சொல்வான்? திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி நின்றான்.

பட்டிக்காரர்களுக்குச் சோறு, காட்டுக்காரர் வீட்டில்தான். அதுதான் முறை. அண்ணி மருதாத்தாள் தூக்குப்போசியோடு வந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். கிட்டே வந்தால் கண் கலங்கியிருந்தது. "நாலு வருசமாச்சு அம்முணி, இந்தக் காட்டுக்கு நான் சோறு கொண்டாந்து."

19 அக்டோபர்

நாய்கள் முள்ளுக்குள் புகுந்து விரட்டியதில், தாய்ப்பன்றி திரும்பித் தாக்கி ஒரு நாயின் விலாவைக் கிழித்துவிட்டது. சேலையில் சுற்றிக்கொண்டு, பட்டிக்காரர் ஒருவர் என் வண்டியை ஓட்ட, மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன். தையல் போட்டார்கள். வழியெல்லாம் என் மடியில் முனகிக்கொண்டே வந்தது. அண்ணன்மேல் எனக்கிருந்த கோபத்துக்கு இந்த வாயில்லாத ஜீவன் ஏன் அடிபட வேண்டும்? மனசு கேட்கவில்லை.

சின்னையன்தான் தேற்றினார். "பொழைச்சுக்கும், உடுங்க. பன்னி குட்டிகளக் கூட்டிக்கிட்டு மேக்கால போயிருச்சுங்க. இனி இந்த முள்ளுல தங்காது."

6 நவம்பர்

செடி பிடுங்கி, காய் ஆய்ந்து, வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. வர வேண்டியதில் பாதிதான். அண்ணன் வந்து மூட்டையைக் காலால் தட்டிப் பார்த்தான்.

"அர வெள்ளாமையெல்லாம் ஒரு வெள்ளாமையா?"

"ஊட்டுக்கு வந்து சேரோணும்னுதானுங்ணா சொன்னீங்க. எத்தனைன்னு சொல்லலியே."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அவித்த கடலை ஒரு சொம்பு நிறைய நானே தின்றேன்.

21 நவம்பர்

அண்ணன் காட்டில் ஜேசிபி சத்தம். பிளாட்காரர் வந்துவிட்டாரோ என்று ஓடினேன். அண்ணன்தான் நிற்கிறான். முள் வேரோடு வந்துகொண்டிருந்தது. மழை ஈரத்தில் எரு வாசம் மூக்கைத் துளைக்கிறது.

"இத்தன எருவையும் முள்ளுக்கா குடுக்கறது?" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

17 டிசம்பர், ஞாயிறு

மேற்கே அடுத்த ஊரிலிருந்து அழகுத்தாய் என்று ஒரு பெண் போன் செய்தாள். யாரிடமோ நம்பர் வாங்கியிருக்கிறாள். "உங்க பட்டி தொரத்துன பன்னி எங்க மரவள்ளிக்குள்ள நிக்குது. உங்குளுக்குச் சோலி முடிஞ்சுது. நாங்க மண்ணத் திங்கறதா?" பிறகும் என்னென்னவோ திட்டினாள். அவள் சொல்வது நியாயம்தானே? என் காட்டிலிருந்து விரட்டினேன். எங்கே போகும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேனா?

அங்கே எங்கே ஒளிந்திருக்கிறது, யார் காடு, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். சின்னையனுக்குப் போன் போட்டேன். வருகிறேன் என்றார். படல்களைக் கொண்டுபோகத்தான் சரக்கு வண்டி வேண்டும். அது அண்ணனிடம் இருக்கிறது.

அவன் காட்டில் கடலை விதைத்துக்கொண்டிருந்தான். அண்ணி உழவுச் சாலில் விதை போட்டுக்கொண்டே நடந்தாள். நான் கொடுத்த விதைதான். வரப்பில் நின்று விஷயத்தைச் சொன்னேன். என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும், சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன். அவன் விதைத்த சால்களையெல்லாம் ஒருமுறை பார்த்தான். பிறகு மேற்கே பார்த்தான்.

"எத்தன படலு?" என்றான்.

கையைக் கழுவிக்கொண்டு சாவியை எடுத்தான். நான் பின்னால் ஏறப் போனேன்.

"முன்னால வந்து உக்காரு அம்முணி."