புயலைப் பங்குபோட்ட ஞாயிறு

பலோம்பே, மலையடி
புதன்கிழமை

என் அருமை மகன் லிம்பிகானிக்கு அம்மா எலுபி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம், வேளைக்குப் பசிக்கிறது, வேளை தவறாமல் சண்டையும் போடுகிறோம், ஆகவே சுகம் என்றே வைத்துக்கொள். நீயும் ஜோகன்னஸ்பர்க்கில் அப்படியே சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் முழங்காலில் நிற்கிறேன். கைபேசிக் கோபுரம் புயலில் சாய்ந்தது சாய்ந்தபடியே கிடக்கிறது, அதனால் உன்னைக் கூப்பிட வழியில்லை. மூப்பர் மக்வின்ஜாவின் மருமகன் பஸ்ஸில் வந்தபோது நீ கொடுத்தனுப்பிய கடிதம் கிடைத்தது. நாளைக்கு அவன் திரும்பிப் போகிறான், இதையும் ஒரு பை துவரையையும் அவனிடமே கொடுத்துவிடுகிறேன், துவரையில் பாதியாவது உன் கைக்கு வந்தால் அவன் நல்லவன்.

உன் கடிதத்தை முதல் தடவை படித்து அழுதேன், இரண்டாம் தடவை படித்துச் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. வேதாகமக் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு லாரி ஓட்டப் போனாயாம், அதற்காகத்தான் கர்த்தர் புயலை அனுப்பினாராம், அப்பாவின் கால் முறிந்ததும் நம் ஆடுகள் அடித்துக்கொண்டு போனதும் மலை சரிந்து இறங்கியதும் எல்லாம் உன்னால்தானாம். அடேயப்பா, எவ்வளவு பெரிய ஆளைப் பெற்றிருக்கிறேன் என்று எனக்கே தெரியாமல் போய்விட்டதே. மூன்று ஜில்லாவின் கூரைகளைப் பிய்த்தெறிந்து, பாலத்தையெல்லாம் உடைத்து, இத்தனையும் ஒரு லாரி டிரைவருக்காகவா? உன்னைப் பற்றி உனக்கு எப்போதும் பெரிய நினைப்புதான், அது உன் அப்பா வழியில் வந்தது. கர்த்தருக்குப் பயந்து கப்பலேறி ஓடினாரே, மீன் விழுங்கிய தீர்க்கதரிசி, அவரைப் போல நீயும் என்று எழுதியிருக்கிறாய். மகனே, அவர் ஏறிய கப்பல்மேல்தான் புயல் அடித்தது, அவருடைய அம்மாவின் அடுப்படிமேல் அடிக்கவில்லை. நீ ஜோகன்னஸ்பர்க்கில் இருக்க, உனக்கு வைத்த அடி பலோம்பேயில் வந்து விழ, கர்த்தருக்கு அவ்வளவு கண் மங்கிவிட்டதா? இரண்டு வருஷம் அந்தக் கல்லூரியில் உனக்கு என்னதான் சொல்லிக்கொடுத்தார்களோ. சிரிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். தூக்கமே வருவதில்லை, கண்ணை மூடினால் மண் இறங்கி வருகிறது, அப்படியே எழுந்து வண்டியை எடுத்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய் பார், அந்த ஒரு வரிக்கு மட்டும் என்னால் சிரிக்க முடியவில்லை.

இந்தப் பைத்தியம் உனக்கு மட்டும் பிடித்ததில்லை, ஊருக்கே பிடித்திருக்கிறது. புயல் ஓய்ந்த நாள் முதல் தண்ணீர்க் குழாயடியிலும் மாவு மில்லிலும் நிவாரணச் சோளத்துக்கு நிற்கும் வரிசையிலும் இதே பேச்சுதான், கர்த்தர் எந்தப் பாவத்துக்காக அடித்தார் என்று. பெண் பிள்ளைகள் கால்சட்டை போட்டதால் என்கிறார்கள் ஆண்கள். ஆண்கள் கச்சாசுச் சாராயம் குடித்ததால் என்கிறார்கள் பெண்கள். கிழடுகள் சில பேர் பாவமாவது ஒன்றாவது, மலைக்கு அடியில் படுத்திருக்கிற நபோலோ என்கிற பாம்பு ஏரிக்குக் கிளம்பிற்று, அதன் வால் பட்டுத்தான் இவ்வளவும் என்கிறார்கள். பாம்புப் பேச்சு கூடாது என்று நம் போதகர் கண்டித்தார், கண்டித்துவிட்டு அவரும் ஒரு தடவை மலையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். வனத்துறைக்காரர் ஒருவர் வந்து, மலைமேல் இருந்த மரத்தையெல்லாம் வெட்டிவிட்டீர்கள், மண்ணைப் பிடித்துக்கொள்ள வேர் இல்லை என்றார். அவர் பேச்சு யாருக்கும் பிடிக்கவில்லை, அந்த விறகில் சமைக்காத வீடு ஊரில் ஏது?

போன ஞாயிற்றுக்கிழமை உபவாசம், பாவ அறிக்கை என்று போதகர் எல்லாரையும் கூப்பிட்டிருந்தார். கோவிலுக்குக் கூரை இல்லை, சுவர் மட்டும் நிற்கிறது, வெயில் மண்டையைப் பிளந்தது. மனபாரம் உள்ளவர்கள் எழுந்து நிற்கலாம் என்று போதகர் சொல்லி வாய் மூடவில்லை, மக்வின்ஜா எழுந்துவிட்டார். தம்பி நிலத்துக்குள் வரப்பைத் தள்ளிப் போட்டாராம், புயல் தனக்காகத்தான் வந்ததாம், அழுதார். பாவம் என்று இருந்தது. உடனே கச்சாசு காய்ச்சும் நாசோங்கா எழுந்து, இல்லை, புயல் என் பானைக்காக வந்தது என்றாள். மக்வின்ஜாவுக்கு அழுகை நின்றுவிட்டது. நீ காய்ச்சுகிற தண்ணீர்ச் சாராயத்துக்கு ஒரு இடி போதும், இவ்வளவு பெரிய புயல் எதற்கு என்று கேட்டார். தண்ணீர்ச் சாராயமா, குடித்துவிட்டு வரப்பு எங்கே என்று தெரியாமல் போனது யார் என்று அவள் கேட்டாள். அதற்குள் பாடகர் குழுத் தலைவர் எழுந்தார், பள்ளிக்கூட வாத்தியார் எழுந்தார், ஆளுக்கு ஆள் எனக்கு, எனக்கு என்று, கல்யாண வீட்டில் ஆட்டுத்தொடைக்குக்கூட இப்படி அடித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. உன் அப்பாவும் சும்மா இருப்பாரா, ஊன்றுகோலைப் பிடித்து எழப் பார்த்தார். சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். உம்முடைய பாவமெல்லாம் எனக்குத் தெரியும், அதற்குத் தூறல்கூடப் போடாது என்று காதில் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர் இன்றுவரை இறக்கவில்லை.

அப்போதுதான் பின்னால் உட்கார்ந்திருந்த ஃபலேசி எழுந்தாள். நமக்குக் கீழே ஓடையோரம் வீடு இருந்ததே, அவள்தான். மண் இறங்கியபோது அவள் பையன் தியமிகே வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தான், அப்போதுதான் நடக்கப் பழகியவன். அவன் இன்னும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் கோவில் பக்கம் வந்தது அன்றைக்குத்தான். அழவில்லை, சத்தம் போடவில்லை, கடையில் ஒரு சாமான் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"எல்லாரும் சொல்லாதீங்க. யாராவது ஒருத்தர்னு முடிவு பண்ணிச் சொல்லுங்க. நான் அவங்க வீட்டு வாசல்ல போய் நின்னு என் புள்ளையக் கேக்கணும்."

லிம்பிகானி, நின்றவர்கள் எல்லாரும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். போதகர் வேதத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். மக்வின்ஜா மறுபடி எழுந்து வெளியே போனார், கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன், வீட்டுக்குப் போய் மண்வெட்டியோடு ஓடையை நோக்கி நடந்தார். நாசோங்காவும் எழுந்து போனாள், பிறகு சபையே போயிற்று. அன்று முதல் தினமும் தோண்டுகிறோம், உன் அப்பா கரையில் உட்கார்ந்துகொண்டு இங்கே தோண்டு, அங்கே தோண்டு என்று எல்லாரையும் தப்பான இடத்துக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறார். பிள்ளை இன்னும் அகப்படவில்லை.

மலை ஏன் இறங்கியது என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. கர்த்தர் என்னிடம் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லியிருக்க மாட்டார். கல்லூரிக்குத் திரும்பிப் போக உனக்கு ஆசை இருந்தால் தாராளமாகப் போ, ஸ்தோத்திரம் சொல்லி அனுப்பி வைக்கிறேன். பயந்துகொண்டு போகாதே. பயந்துபோய்ப் போதகரானவன் ஊரையும் பயமுறுத்திக்கொண்டே இருப்பான், ஒவ்வொரு ஞாயிறும் உட்கார்ந்து அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். நேற்றுச் சாயங்காலம் தோண்டிவிட்டு நானும் ஃபலேசியும் சேர்ந்து திரும்பினோம். உன் கடிதம் என் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. நீ எழுதியது உண்மையென்றால், அவள் தேடுகிற அந்த ஒருத்தன் நீதானே, உன் விலாசத்தை நான் அவளுக்குக் கொடுத்தாக வேண்டுமே. மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன், என் மகனும் புயல் தன்னால்தான் என்று எழுதியிருக்கிறான், தூக்கமில்லாமல் லாரி ஓட்டுகிறான் என்று. அவள் நடந்துகொண்டே இருந்தாள். என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் இருந்தேன். நம் வீட்டு வேலியருகே வந்ததும் நின்று, சேறு பட்ட கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் என் புள்ளைய எடுக்கலன்னு எழுதுங்கக்கா. நான்தான் சொன்னேன்னு எழுதுங்க. முதல்ல அவனத் தூங்கச் சொல்லுங்க. இந்த ஊர்ல ஒரு புள்ள போனது போதும்."

அவள் சொன்னபடியே எழுதிவிட்டேன். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், உன் தலையணையையும் காக்கட்டும். அப்பா முகத்தை இறக்காமலே உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். இதைப் படித்து முடித்ததும் வண்டிச் சாவியை எங்காவது தூர வைத்துவிட்டுப் படுத்துக்கொள்.

உன் அம்மா,
எலுபி