மேலே குளிர்வதை வைத்து நீங்கள் சொன்ன பொய்

இன்னமும் அப்பா என்றே கூப்பிட வேண்டியிருக்கிற உங்களுக்கு,

நேற்று உங்கள் திதி. மந்தாரக்குப்பம் வீட்டில் அம்மா படத்துக்கு மாலை போட்டு, உங்களுக்குப் பிடித்த உளுந்து வடை சுட்டு வைத்தாள். வந்தவர்கள் எல்லோரும் உங்களைப் போல ஒரு மனிதர் உண்டா என்றே பேசினார்கள். நான் இலை போட்டேன், பரிமாறினேன், வாயைத் திறக்கவில்லை. இங்கே திறக்கிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

பெங்களூரில் எனக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல காத்தைப் பாக்குறா" என்று சிரிப்பீர்கள். சிரித்தாலும் நான் சொல்வதைக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். மேகங்களுக்கும் விமானங்களுக்கும் வெகு மேலே இருக்கிற காற்றின் வெப்பம் எப்படி மாறும் என்று கணக்குப் போடும் கம்ப்யூட்டர் மாடல் எங்களுடையது. கீழே சூடாக ஆக அங்கே மேலே குளிர்ந்துகொண்டே வருகிறது, ஏன் என்றும் உங்களுக்கு ஒரு தடவை விளக்கியிருக்கிறேன். நீங்கள் உயிரோடு இருந்த கடைசி வருடம் அது எங்களைப் பாடாய்ப் படுத்தியது. எண்பது கிலோமீட்டர் உயரத்துக்குப் போனால் மாடல் ஒன்று சொல்லும், செயற்கைக்கோள் அளந்தது வேறொன்றாக இருக்கும். நான் போனில் அழுதேன்.

"மாடல் தப்பா காட்டுதுப்பா. இத்தனை வருஷ உழைப்பும் வீணான்னு பயமா இருக்கு."

"அழாதம்மா. எங்க பாய்லர்கூட மொத மொத ஏத்தும்போது அடம் பிடிக்கத்தான் செய்யும். சரியாயிடும்" என்றீர்கள்.

அந்தக் குரலை நம்பினேன். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

அடுத்த மாதமே நம் ஊர்க் குடியிருப்போர் சங்கத்துக் கூட்டம். அனல்மின் நிலையத்தில் உங்களோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்த தனபால் மாமா, பூமி சூடாவதைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார். நிலக்கரி எரிக்கிற ஊரில் அதைப் பேசுவது எவ்வளவு சங்கடம் என்று தெரிந்தேதான் வந்தேன். மைன்ஸ் மூடிவிடுவார்களோ என்ற பயத்தோடு கான்ட்ராக்ட் ஆட்கள் சுவரோரம்கூட நின்றிருந்தார்கள். நான் பேசி முடித்தேன். நீங்கள் எழுந்து வந்து மைக்கை வாங்கினீர்கள்.

"எம் பொண்ணு படிச்ச பொண்ணு. அவளே எங்கிட்ட சொல்லியிருக்கா, மேல வானத்துல குளிர்ந்துகினே வருதாம். அப்புறம் எங்கங்க சூடாவுது? இன்னொன்னும் கேளுங்க. அவங்க கம்ப்யூட்டரே தப்பா காட்டுதுன்னு போன்ல அழுதா. அதை நம்பி நம்ம சோத்துல மண்ணைப் போடுவாங்களா?"

கைத்தட்டல் எழுந்தது. யாரோ விசிலடித்தார்கள். உங்கள் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை, என் பட்டமளிப்பு விழாவில்கூட. நான் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அதற்குப் பிறகு நீங்கள் கூப்பிட்ட போன்களை எடுக்கவில்லை. ஒரு நாள் நெஞ்சு வலி என்றார்கள். வந்து சேர்ந்தபோது நீங்கள் பெஞ்சில் கிடத்தப்பட்டிருந்தீர்கள். துக்கம் விசாரிக்க வந்த ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா சொன்ன மாதிரி, மேல குளிருதாமேம்மா?" என்று கேட்டார். உங்கள் சாவிலும் அதுதான் எனக்குக் கிடைத்தது.

சரி, சேதி சொல்கிறேன். மாடல் தேறிவிட்டது. மலைமேல் மோதும் காற்றும் இடிமேகங்களும் கிளப்புகிற சின்னச் சின்ன அலைகள் அவ்வளவு உயரத்துக்கும் ஏறிப் போய் உடைகின்றன. எங்கள் மாடல் உலகத்தைப் பெரிய கட்டங்களாக வெட்டித்தான் பார்க்கும்; அந்த அலைகள் கட்டத்துக்குள் விழுந்து கணக்கில் வராமலே போய்க்கொண்டிருந்தன. அவற்றின் தள்ளுவிசையைத் தனியாகக் கணக்கிட்டுச் சேர்த்தோம். பல தடவை ஓட்டிப் பார்த்த பிறகு, ஒரு மத்தியானம் மாடலின் கோடும் அளந்த கோடும் ஏறக்குறைய ஒட்டிக்கொண்டு வந்தன. கூட இருந்தவர்கள் கத்தினார்கள். எனக்கு உங்களிடம் சண்டை போட வேண்டும் போல இருந்தது. செத்தவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

போன வாரம் தனபால் மாமா மறுபடியும் கூப்பிட்டார். அதே ஹால். கீழே சூடாவதற்கும் மேலே குளிர்வதற்கும் காரணம் ஒன்றே என்று சொன்னேன். நிலக்கரி எரிவதால் சேர்கிற கரியமில வாயு, கீழே இருக்கும்போது மேலே போகிற சூட்டைப் பிடித்து வைக்கிறது. காற்று மெலிந்துபோன உயரத்தில் அதே வாயு சூட்டை விண்வெளிக்குத் தள்ளிவிடுகிறது. அதனால் மேலே குளிர்வது, கீழே சூடாகவில்லை என்பதற்குச் சாட்சி இல்லை என்றேன். கடைசி வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார்.

"அப்போ உங்க அப்பா எங்ககிட்ட பொய்யா சொன்னாரு?"

அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளைப் பார்த்துவிட்டு, "பொய் இல்லைங்க. அப்பாவுக்கு நான் சொன்னது சரியா புரியல" என்றேன். உங்களுக்காக என்னால் முடிந்த கடைசி மரியாதை அது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றியதும் வெடித்தாள்.

"அவருக்குப் புரியலன்னு ஏன்டி சொன்ன? அவரு என்ன முட்டாளா? நல்லாவே புரிஞ்சிருந்துச்சு. கூட்டத்துக்கு மொத நாளு இங்கதான் உக்காந்துகினு, நீ இப்ப சொன்னியே, அதை அப்படியே எனக்கு வெளக்குனாரு. 'ரெண்டும் ஒன்னுதான்டி, எம் பொண்ணு கெட்டிக்காரி'ன்னாரு."

"அப்புறம் ஏம்மா அங்க போயி அப்படிப் பேசுனாரு?"

"நானும் அதான் கேட்டேன். 'அந்த கான்ட்ராக்ட் பசங்க ராத்திரி தூங்கறதில்ல, ஒரு நாளாவது தைரியமா இருந்துட்டுப் போவட்டும்'னாரு."

அப்பா, இத்தனை நாள் உங்களுக்கென்று நான் மிச்சம் வைத்திருந்த ஒரே சமாதானம், பாவம், தெரியாமல் பேசிவிட்டார் என்பதுதான். உங்கள் கெட்டிக்காரத்தனத்தைக் காப்பாற்றப்போய் அம்மா அதையும் பிடுங்கிவிட்டாள். என் வேலையை நம் வீட்டில் புரிந்துகொண்ட ஒரே மனிதர், புரிந்துகொண்டேதான் அதைத் திருப்பிப் போட்டு அடித்திருக்கிறார். அவர்களுக்குத் தைரியம் கொடுக்க உங்களுக்கு வேறு எதுவுமே கிடைக்கவில்லையா? ஒரு நாள் தைரியம். அதற்கு மறுநாள் அவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்தீர்களா?

புரிந்தது என்று ஒரு தடவை என்னிடமே சொல்லியிருக்கக் கூடாதா?

மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். வேறொரு வாக்குத் தருகிறேன். மாடலில் இன்னும் பிழைகள் இருக்கின்றன, இருந்துகொண்டேதான் இருக்கும். அவற்றை யாரும் போனில் கேட்டுத் திருட வேண்டியதில்லை. எந்த மேடையிலும் முதலில் நானே சொல்வேன். அதை வைத்து யார் பொய் சொன்னாலும், எனக்கு எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், அங்கேயே நின்று பதில் சொல்வேன்.

நீங்கள் பெருமையாகச் சொன்னதை உங்கள் வாயால் கேட்காமலே போன மூத்த மகள்,
கலைச்செல்வி