அந்த நாய்க்கு யாருடைய நடை?

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நால்வரும் சௌக்கியம். நீ எப்படி இருக்கிறாய் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

நீ அனுப்பிய டிக்கெட்டில் ஞாயிற்றுக்கிழமை உன் கார்ட்டூன் படத்தைப் பார்த்தோம். தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் திருடித் தின்று, தன்னை வளர்த்த குடும்பத்தையே விட்டு ஓடி, கடைசியில் திருந்தித் திரும்பிவரும் அந்தக் 'கள்ளன்' நாய் உன் மருமகனுக்குத் தெய்வமாகிவிட்டது. செருப்பைக்கூட வாயில் கவ்விக்கொண்டுதான் வருகிறான். பெரியவள் கடைசிக் காட்சியில் அழுதாள். மாமா முதல் பாதியில் தூங்கிவிட்டு, படம் பிரமாதம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். உன் பெயர் திரையில் வந்ததும் நான்தான் முதலில் கைதட்டினேன். அம்மா இருந்திருக்கலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போனில் கேட்டால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம். அந்த நாய்க்கு யாருடைய நடை?

ஆஸ்பத்திரி பிசியோதெரபி பிரிவில், மற்றவர்கள் நடப்பதைப் பார்த்துப் பார்த்தே சம்பளம் வாங்குகிறவள் நான். கள்ளன் வலது பின்னங்காலைக் கொஞ்சம் வெளியே வீசி வைக்கிறது. படியேறும்போது ஒவ்வொரு படியிலும் இடது காலைத்தான் முதலில் வைக்கிறது. மாட்டிக்கொண்டால் வாசல் நிலையில் தோளைச் சாய்த்துக்கொள்கிறது. பொய் சொல்வதற்கு முன்னால் கூரையை ஒரு தரம் பார்க்கிறது. இதெல்லாம் நாயின் பழக்கமா? நம்மைப் பெற்ற ஆளின் பழக்கம். சாயங்காலம் வந்துவிடுகிறேன் என்று சொல்லி அந்த ஆள் கிளம்பியபோது நீ தொட்டிலில் கிடந்தாய். உனக்கு யார் காட்டிக்கொடுத்தது?

உன் அக்கா

ஜூன் 13

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தின் முதல் பாதியை ஸ்டூடியோவில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மாமாவின் விமர்சனத்தை டைரக்டர் மிகவும் ரசித்தார். மருமகனிடம் செருப்பை மட்டும் கவ்வ வேண்டாம் என்று சொல்.

நடைக்குப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. எங்கள் கட்டடத்துக்குக் கீழே சைக்கிள் கடை வாசலில் ஒரு கிழட்டு நாய் படுத்திருக்கும். அதைப் பார்த்துத்தான் வரைந்தேன். சின்ன வயதில் அவரைப் பற்றி நீ சொன்னது ஏதாவது மனதில் ஒட்டியிருக்கலாம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். ஊரில் நொண்டுகிற நாயெல்லாம் நம் அப்பாவாகிவிட முடியுமா, அக்கா?

வேலை அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி

ஜூன் 19

தம்பிக்கு,

நான் சொன்னேனா? அம்மா இருந்தவரை நம் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கவிட்டதில்லை. நீ கேட்டபோதெல்லாம் நான் வாய் திறந்ததும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே.

போன தடவை வந்தபோது முழங்கால் வலிக்கு என்ன பயிற்சி என்று என்னிடம் கேட்டாய். உனக்குத்தான் என்றாய். அன்று சாயங்காலமே மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறினாய். நாங்கள் அங்கே வருகிறோம் என்றால், வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள் என்கிறாய். குளிர்காலத்திலும் அதையே சொன்னாய். இரண்டு அறை வீட்டுக்கு எத்தனை மாதம் அடிப்பார்கள்?

அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று இருக்கிறது. கள்ளன் வீட்டைவிட்டுப் போகும்போது தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. தியேட்டரே உச்சுக்கொட்டியது. எனக்கு வயிறு எரிந்தது. அன்று நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், தம்பி. அந்த ஆள் ஒரு தரம்கூடத் திரும்பவில்லை. மற்றதெல்லாம் அச்சு அசலாக இருக்கும்போது இது மட்டும் எப்படிப் பொய்யானது? யார் உன்னிடம் கதை அளந்தது?

கடைசியில் அந்த வீட்டுப் பெண் கதவைத் திறந்து நாயை உள்ளே விடுகிறாளே, அது எனக்காக வைத்த காட்சியா? டிக்கெட் அனுப்பியதும் அதற்காகத்தானா? உன்னை இடுப்பில் சுமந்தே வளர்ந்தவள் நான். என்னை மடக்க ஒரு சினிமாவே எடுத்துவிட்டீர்களோ?

ஆமாம் அல்லது இல்லை என்று எழுது. இன்னொரு பொய் வந்தால் உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அக்கா

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

ஆமாம்.

போன வருஷம் ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றார். பத்திரிகையில் என் போட்டோவைப் பார்த்தாராம். முதல் நாள் துரத்திவிட்டேன். மறுநாளும் வந்தார். நான் வேலை முடிந்து இறங்கும்வரை அந்தச் சைக்கிள் கடை வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். ஆகவே நான் எழுதியது பாதிப் பொய்தான். இப்போது என்னோடு இருக்கிறார். உன்னிடம் சொல்ல ஒவ்வொரு வாரமும் நினைத்தேன், பயமாக இருந்தது.

நடையை வரைவதற்கு முன்னால் யாரையாவது நடக்கவைத்துப் படம் பிடித்துக்கொள்வது எங்கள் வழக்கம். ஒருநாள் அவரை நடக்கச் சொன்னேன். டைரக்டர் அதைப் பார்த்துவிட்டு, இதுதான் கள்ளன் என்றார். கதவு திறக்கிற முடிவு டைரக்டருடையது. உன்னை மடக்க வைத்தது இல்லை. ஆனால் உன் மனது இளகாதா என்று டிக்கெட் அனுப்பியது நிஜம்.

திரும்பிப் பார்த்ததாக என்னிடம் சொன்னவர் அவர்தான். உன் கடிதத்தை அவர் முன்னால் வைத்தேன். இரண்டு தரம் படித்தார். கூரையைப் பார்க்கவில்லை. பிறகு சொன்னார்: "அவ சொல்றதுதான் சரி. நான் திரும்பிப் பார்க்கல. பஸ் போயிடுமோங்கிற நெனப்புதான் இருந்துச்சு."

நான் பூசி மெழுகவில்லை, அப்படியே எழுதியிருக்கிறேன். அவரால் இப்போது மூன்று படி ஏற முடியவில்லை. உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார். நீ வேண்டாம் என்றால் அவரிடம் சொல்லிவிடுகிறேன். அதற்காக என்னை ஒதுக்கிவிடாதே, அக்கா. எனக்கு அம்மாவும் நீதான்.

உன் தம்பி

ஜூலை 20

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. அந்த பஸ் விஷயத்தைப் படித்த அன்று வேலைக்குப் போகவில்லை. தலைவலி என்று மாமாவிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை. வலித்தது, தம்பி. ஆனால் அந்த ஆள் வாயிலிருந்து வந்து நான் நம்புகிற முதல் வார்த்தை அதுதான்.

உன்னை ஒதுக்க எனக்கு மனது வராது என்று தெரிந்துதான் இவ்வளவும் செய்திருக்கிறாய். உன்னோடு தனியாக ஒரு சண்டை பாக்கி இருக்கிறது.

வீட்டுக்கு அழைத்துவராதே. பிள்ளைகளுக்கு இப்போதைக்கு ஒன்றும் தெரிய வேண்டாம். செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவா. எல்லோரையும் போல டோக்கன் எடுத்து வரிசையில் உட்காரட்டும். நீ பக்கத்திலேயே இரு. பாத்ரூம் போகிறேன் என்று எழுந்தால் கூடவே போ. நாற்காலி வரைக்கும் வந்துவிட்டு நழுவக்கூடிய ஆள். பழைய எக்ஸ்ரே இருந்தால் கொண்டுவா.

நான் அப்பா என்று கூப்பிட மாட்டேன். வயதானவர்களை அங்கே பெரியவரே என்றுதான் கூப்பிடுவோம், அவரையும் அப்படித்தான் கூப்பிடுவேன். அவர் அழுதால் வேலை கெடும், முன்கூட்டியே சொல்லிவை.

முதலில் நடை பார்ப்பேன். வராந்தாவின் கடைசி வரை போய், அங்கிருந்து திரும்பி, என்னைப் பார்த்தபடி நடந்து வரச் சொல்வேன். எல்லா நோயாளிகளிடமும் இதைத்தான் சொல்கிறேன். அவருக்கென்று புதிதாக எதுவும் இல்லை.

அக்கா