கட்டுநாயக்காவுக்கும் மீனம்பாக்கத்துக்கும் நடுவில போன ஒரு நாள்

அக்கராயன்
14.3.1999

அன்பு மகன் குணரூபனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. எனக்குக் கைகால் இன்னும் ஓடியாடுது, குரலும் குறையேல்லை, நீயும் மருமகளும் என்ர பேத்தி அனோஜாவும் குளிருக்கு நல்லாய் மூடிக்கொண்டு சுகமாய் இருப்பியள் எண்டு நினைக்கிறன்.

அண்டைக்குக் கட்டுநாயக்கா எயாப்போட்டில நிண்டது ஆர் ஆர் எண்டு முதலே எழுதிவிடுறன், பிறகு ஒருத்தரும் கதையை மாத்தக் கூடாது. நான், என்ர தம்பி அதுதான் உன்ர மாமன் யோகலிங்கம், கொழும்புக் கொட்டாஞ்சேனையில இருந்து எங்களை ஏத்தி வந்த வான்காரத் தம்பி நிஸார், டிக்கெட் பாக்கிற பிள்ளை. நாலு பேர். நீங்கள் சுவிசில இருந்து வந்து நிண்ட மெட்ராசுக்கு நான் ஏன் ஒரு நாள் பிந்தி வந்தனான் எண்டு போன கடிதத்திலயும் கேட்டிருந்தாய். றோட்டில ஆமிச் சோதினை எண்டு மாமன் அங்க சொன்னது பொய். மாமன் பக்கத்தில நிண்டவன், பேத்திக்கு முன்னால சண்டை வேண்டாம் எண்டு விட்டனான்.

கட்டுநாயக்காவில இருந்து மீனம்பாக்கம் ஒரு மணித்தியாலமும் பத்து நிமிசமும்தான் அம்மா, ஏறினதும் இறங்கிறதுதான் எண்டு எழுதினாய். பிளேனுக்கு அது சரி. எங்களுக்கு அக்கராயனில இருந்து கட்டுநாயக்காவுக்கு ஏழு நாள். உழவு மெசின், சைக்கிள் கரியல், நடை, வவுனியாவில கொழும்புக்குப் போக விடுற ஆமிப் பாசுக்கு மூண்டு நாள், பிறகு பஸ். அதுகளால பிந்தேல்லை, முதல்நாளே கொழும்பில நிண்டனாங்கள். பிந்தினது மணிக்கூட்டால. நீ வெளிநாடு போனாப் பிறகு வந்த கூத்து இது, கொழும்புக்காரர் நேரத்தை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிப்போட்டினம், எங்கட வன்னிப் பக்கம் பழைய நேரம்தான். வவுனியாவிலயே மணிக்கூட்டைத் திருப்படா எண்டு மாமனுக்குச் சொன்னனான். ஊர் நேரத்தை விட்டுக்குடுக்கேலாதாம், கணக்குத் தன்ர மண்டைக்குள்ள இருக்காம். பிளேன் கொழும்பு நேரம் பதினொரு மணிக்கு, அது எங்கட மணிக்கூட்டில பத்தரை. கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராய் இருந்த உன்ர மாமன் அரை மணித்தியாலத்தைக் கழிக்காமல் கூட்டிப் பதினொன்றரை எண்டு போட்டிட்டான். எத்தினை மணிப் பிளேன் எண்டு நிஸார் ரெண்டு தரம் கேட்டவன், தம்பி நீ றோட்டைப் பார் எண்டு இவன் சொன்னவன். போய் இறங்கச் சுவர் மணிக்கூட்டில சரியாய்ப் பதினொண்டு. இவன் தன்ர மணிக்கூட்டில பத்தரையைப் பாத்திட்டு, இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு, தேத்தண்ணி குடிப்பம் அக்கா எண்டான். கதவைப் பூட்டியாச்சு, பிளேன் ஓடத் துவங்கியிட்டுது எண்டு அந்த டிக்கெட் பிள்ளை சொல்ல, அதோட இவன் வாக்குவாதப்பட்டு முடியப் பிளேன் மீனம்பாக்கத்தில இறங்கியிருக்கும்.

பன்னிரண்டு வரியத்துக்குப் பிறகு உன்னைப் பாக்கக் கிடைச்சது எட்டு நாள், நான் பாத்தது ஏழு. முதல்நாள் அனோஜா புதுச்சட்டையோட பொழுதுபடும் வரைக்கும் வாசலில நிண்டதாம், அடுத்த நாள் நான் வரேக்க பழஞ்சட்டை. அந்தப் புதுச்சட்டையோட அவள் என்னட்டை ஓடிவாறதை நான் காணேல்லை.

இதுக்குள்ள நீ மாமனுக்குச் சுவிஸ் மணிக்கூடு வேற குடுத்திட்டுப் போட்டாய். அதைக் காட்டுறதுக்காகவே வாறவன் போறவனுக்கெல்லாம் நேரம் சொல்லுறான். கிணத்தடியில கழட்டி வைக்கேக்க நான் நாளுக்குப் பத்து நிமிசம் முன்னுக்குத் திருப்பி விடுறன். போன வெள்ளி கோயில் கூட்டத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்திப் போய்த் தனியக் குந்திக்கொண்டிருந்தவன். வெளிநாட்டுச் சாமான் வன்னி வெக்கைக்கு நிண்டுபிடிக்காது எண்டான், நானும் ஓம் எண்டனான்.

பிள்ளையைப் பேசாதை, தலைக்கு எண்ணெய் வை. அடுத்த முறை டிக்கெட் அனுப்பேக்க எங்கட நேரத்தையும் பக்கத்தில எழுதி விடு. அம்மாளாச்சி உங்கள் மூண்டு பேரையும் காப்பாத்துவா. இந்தக் கடிதத்தை வவுனியாவில போடக் கொண்டுபோறதும் அவன்தான், பிந்தி வந்தால் ஏன் எண்டு கேளாதை. பாசுக்கு மூண்டு நாள் இருத்தினவையையும் கதவைப் பூட்டின பிள்ளையையும் நான் மன்னிச்சிட்டன்.

இப்படிக்கு,
உன்ர அம்மா இராசமலர்.
நான் சாகும் வரைக்கும் மன்னிக்க மாட்டாத ஒரே ஆள் உன்ர மாமன் யோகலிங்கம்.