வானொலியில் சொல்லாமல் விட்டது

ஹோ,
1998 மார்ச் 9

என் காஃபுயிக்கு,

ஜிஃபா எழுதுகிறேன். இங்கே நான் நலம். நீயும் உன் அக்கா ஆப்லாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று நீ எழுதினால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். நீங்கள் கொடுத்தனுப்பிய நெத்திலிப் பொட்டலத்தை பஸ் டிரைவர்ப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார். பிரித்ததும் அறை முழுக்க உங்கள் ஊர் கேட்டாவின் கடற்கரை வாசம். பள்ளிக்கூடம் படிக்கிற காலத்தில் உங்கள் வீட்டில் தங்கி அக்கா கையால் தின்ற ருசி அப்படியே இருக்கிறது.

என் ஞாயிற்றுக்கிழமை வானொலி நிகழ்ச்சி எங்கேயோ போய்விட்டது, போ! நேற்று எலெக்ட்ரான் பற்றிப் பேசினேன். அளக்காத வரை அது எந்த இடத்தில் இருக்கிறது என்ற கேள்விக்கே விடை கிடையாது. இதை நம் எவே மொழியில் எப்படிச் சொல்வது என்று வாரம் முழுக்க மண்டையைக் குடைந்தேன். கடைசியில் ஒரு சட்டி கிடைத்தது. "மூடி வெச்ச சட்டிக்குள்ள இருக்கிறது நண்டா, மீனா? திறக்கிற வரைக்கும் நண்டும் இல்ல, மீனும் இல்ல. நீங்க பாக்கிறதுதான் அதை ஏதோ ஒண்ணா ஆக்குது" என்று முடித்தேன்.

எழுதி வைத்ததில் இன்னும் இரண்டு வரி இருந்தது. இது அணு அளவில் நடப்பது, சட்டிக்கும் மனிதருக்கும் பொருந்தாது என்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேலாளர் அமெகாஷி கழுத்தை அறுப்பதுபோல் கையைக் காட்டினார், நேரம் முடிந்துவிட்டதாம். விட்டுவிட்டேன். விட்டதும் நல்லதாகத்தான் போயிற்று. அந்த வரிகளோடு முடித்திருந்தால் சப்பென்று இருந்திருக்கும்.

இன்று சந்தையில் தக்காளிக்காரி கேட்கிறாள்: "ஏம்மா, நான் பாக்காதப்போ என் புருஷன் எங்கேயும் இல்லையா?" நான் சும்மா இருக்காமல் "ஆமா" என்றேன். "அப்ப இனிமே அந்த ஆளைப் பாக்கவே மாட்டேன்!" சந்தையே சிரித்தது.

அக்காவுக்கு என் முத்தங்கள்.

உன் ஜிஃபா


கேட்டா,
ஏப்ரல் 20

ஜிஃபா கண்ணு,

உன் கடிதம் வந்து நாளாயிற்று. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. வார்டில் இரண்டு நர்ஸ்கள் விடுப்பில் போய்விட்டார்கள். கடல் போன மாதம் இன்னும் இரண்டு வீட்டைத் தின்றது. நம் வீட்டுக்கு இன்னும் வரவில்லை.

உன் நிகழ்ச்சி வந்தால் வீட்டில் ஒருவர் பேச அக்கா விடமாட்டாள். அக்காவின் மகன் எலோமையே "வாயை மூடுறா, என் பொண்ணு பேசுறா" என்று அதட்டுகிறாள். தங்கை நானும் மருமகளும் இருந்தும் உன்னைத்தான் ஊரெல்லாம் பொண்ணு என்கிறாள். எனக்குப் பொறாமைதான்.

ஒன்று கேட்கிறேன், சிரிக்காதே. அந்தச் சட்டிக் கதை நிஜச் சட்டிக்கும் உண்டா? அக்கா அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மருமகள் யாயிரா "அத்தை, சூப் கொதிச்சிருச்சா பாருங்க" என்றால், "பாக்காத வரைக்கும் கொதிக்கவும் இல்ல, கொதிக்காமலும் இல்ல" என்கிறாள். வேடிக்கைதான். ஆனாலும் கேட்டேன்.

அக்கா கொஞ்சம் இளைத்திருக்கிறாள். ஈஸ்டருக்கு வருகிறேன் என்றாய், வரவில்லை. அவள் உனக்காகச் சோள மாவில் அக்ப்ளே கிண்டி, வெண்டைக்காய்க் குழம்பு வைத்துக் காத்திருந்தாள்.

உன் காஃபுயி


ஹோ,
மே 4

காஃபுயி,

ஈஸ்டருக்கு வராதது தப்பு. நிலையத்தில் சிறப்பு நிகழ்ச்சி வைத்துவிட்டார்கள். மன்னித்துவிடு.

நிஜச் சட்டிக்குக் கிடையாதுதான். இதையெல்லாம் நுணுக்கமாகச் சொல்லப் போனால் ஜனங்கள் ரேடியோவை அணைத்துவிடுவார்கள். முதலில் வாயைப் பிளக்கட்டும், திருத்தம் அப்புறம் செய்துகொள்ளலாம். அக்கா சொன்ன சூப் நகைச்சுவையை நேற்று ஒலிபரப்பிலேயே சொல்லிவிட்டேன்! "கேட்டாவிலிருந்து ஆப்லா அக்கா, என் சிறந்த மாணவி" என்று பெயர் சொல்லி வாழ்த்தினேன். கேட்டாளா? என்ன சொன்னாள்?

ஜிஃபா


கேட்டா,
ஜூன் 8

ஜிஃபா,

நேற்று அக்காவுக்கு முதுகு தேய்த்துவிட்டபோது துணி விலகியது. இடது மார்பில் கட்டி. எலுமிச்சை அளவுக்கு மேல். தோல் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. இத்தனை வருஷம் வார்டில் நிற்கிறேன், அது என்ன என்று எனக்குத் தெரியும்.

பிப்ரவரியிலேயே கையில் பட்டதாம். "ஏன்க்கா சொல்லல? ஒரே வீட்ல நர்ஸை வெச்சுக்கிட்டு?" என்று கத்தினேன்.

"சொன்னா நீ டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவே. அவர் பாப்பாரு. பாத்தா ஆயிரும்."

"என்னக்கா ஆயிரும்?"

"பாக்காத வரைக்கும் அது அதுவும் இல்ல, வேற ஒண்ணும் இல்லடி. பாக்கிறதுதான் ஆக்குது. உன் சிநேகிதிதான் சொன்னா. என் பேரையும் சேத்துத்தானே சொன்னா, சிறந்த மாணவின்னு?"

நான் சொல்லியும் கேட்கவில்லை. எலோம் அழுதும் கேட்கவில்லை. நீ வா. வர முடியாவிட்டால் வானொலியில் சரியாகச் சொல். அவள் உன் குரலைத்தான் நம்புகிறாள்.

காஃபுயி


ஹோ,
ஜூன் 22

காஃபுயி,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை கிழித்தேன். முதல் தடவை எழுதியது, "நான் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே" என்று. அதை எழுதிய கையைப் பார்க்க எனக்கே கூசுகிறது.

நேற்று நிகழ்ச்சியில் திருத்தினேன். அமெகாஷியிடம் முன்கூட்டியே சொன்னேன். "திருத்தமா? கேக்கிறவங்களுக்கு நீங்க தப்பு பண்ணுவீங்கன்னு தெரியவே வேண்டாம் மேடம். கூடுதல் விளக்கம்னு சொல்லுங்க" என்றார். அப்படியே சொன்னேன். "ஆர்வமுள்ள நேயர்களுக்கு ஒரு கூடுதல் விளக்கம்" என்று தொடங்கி, பெரிய பொருள்களில் இந்த விளைவு புலப்படுவதில்லை என்றேன். அக்காவுக்குப் புரிந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் பாடம் நடத்தும் பள்ளியில் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை இருப்பதால் உடனே வர முடியவில்லை.

அக்காவிடம் சொல்.

ஜிஃபா


கேட்டா,
ஜூன் 27

ஜிஃபா,

கேட்டோம். நீ பேசி முடித்ததும் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பாத்தியா, தப்புன்னு அவ சொல்லல. புலப்படாதுன்னுதான் சொன்னா. இருக்கு, நமக்குத் தெரியல, அவ்வளவுதான்" என்றாள். ஒரு வகையில் நீ பேசியதை அவள் சரியாகத்தான் கேட்டிருக்கிறாள்.

பரீட்சைத் தாள் என்று எழுதியிருக்கிறாய். படித்தேன்.

காஃபுயி


அக்ரா,
ஜூலை 12

காஃபுயி,

அக்காவை இங்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. தூங்குகிறாள். நீ வேலையிலிருந்து திரும்பியபோது வீட்டில் எலோம் விட்டுப்போன சீட்டு மட்டும்தான் இருந்திருக்கும். உன்னிடம் சொல்லாமல் அழைத்து வந்துவிட்டேன். நடந்ததை முழுக்க எழுதுகிறேன்.

போன ஞாயிறு நிகழ்ச்சியில் அமெகாஷியிடம் கேட்காமலே பேசினேன். இப்படித்தான் சொன்னேன்: "மார்ச்ல நான் உங்களுக்குச் சொன்னது தப்பு. தெரிஞ்சே பாதியை விட்டுட்டேன். எலெக்ட்ரான் எங்கே இருக்குன்னு அளக்கிறதுக்கு முன்னாடி அதுக்கு ஒரு இடம்னு நிச்சயம் இல்ல, அது உண்மை. ஆனா அளக்கிறதுன்னா கண்ணால பாக்கிறது இல்ல. மனுஷனே வேண்டாம். அது மேல கொஞ்சம் வெளிச்சம் பட்டாலும், காத்து இடிச்சாலும், அது இருந்த தடம் வெளியே பதிஞ்சிரும். சட்டியில இருக்கிற நண்டு கோடானுகோடி அணு. சூடு, தண்ணி, காத்து எல்லாம் ஓயாம அதை இடிச்சுக்கிட்டே இருக்கு. அதனால நீங்க திறந்தாலும் திறக்கலேன்னாலும் நண்டு நண்டுதான். உங்க உடம்பும் அப்படித்தான். உடம்புல ஒரு கட்டி இருந்தா, இருக்கு. டாக்டர் பாக்கிறதால அது வராது. பாக்காததால போகாது. பாக்காம இருந்தா வளரத்தான் செய்யும்."

தொலைபேசியில் ஒருவர் வந்தார். "அப்ப எங்ககிட்ட பொய் சொன்னீங்களா?" என்றார். "ஆமா" என்றேன். "எதுக்கு?" என்றார். "கேக்க நல்லா இருந்துச்சு, அதுக்கு" என்றேன். அவர் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு யாரும் அழைக்கவில்லை. மீதி நேரத்துக்கு அமெகாஷி பாட்டுப் போட்டார்.

அடுத்த பஸ்ஸில் கேட்டாவுக்கு வந்தேன். அக்கா முற்றத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். காலில் விழுந்தேன். அவள் கத்தியைக் கீழே வைக்கவே இல்லை.

"எந்திரி. நான் முட்டாள்னு நெனச்சியா?"

"இல்லக்கா."

"நெனச்சே. சட்டியை முப்பது வருஷமா திறக்கிறவ நான். உள்ளே இருக்கிறது எனக்குத் தெரியாதா? அம்மாவும் இதுலதான் போனா. கையில பட்ட அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் ஏன்க்கா?"

"பயமா இருந்துச்சு. வெறும் பயம்னு சொன்னா காஃபுயி என்னைத் தூக்கிட்டுப் போயிருவா. படிச்சவ ஒருத்தி சொன்னான்னு சொன்னா வாயடைச்சு நிப்பா. என் பயத்துக்கு ஒரு நல்ல சட்டை வேணும். நீ தெச்சுக் கொடுத்தே. போட்டுக்கிட்டேன்."

காஃபுயி, அவள் இதை ஆறுதலாகத்தான் சொன்னாள், என் மேல் பழி இல்லை என்பதுபோல. எனக்கு அது ஆறுதலாக இல்லை. அவளுக்குப் புரியாமல் போனது என்றால், விளக்கத் தெரியாதவள் என்று தலைகுனிந்துவிட்டுப் போயிருப்பேன். அவளுக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. அழகாக இருக்கிறதே என்று நான் வெட்டி எடுத்த துணி அவள் பயத்துக்கு அளவெடுத்தது போல் இருந்திருக்கிறது.

இவ்வளவு சொன்ன பிறகு அவளே கேட்டாள், "வண்டி எத்தனை மணிக்கு?" என்று.

டாக்டர் அறுவை செய்யலாம் என்கிறார். நுரையீரலிலும் நிழல் தெரிகிறதாம். முன்னாலேயே வந்திருந்தால் என்று ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். நிறுத்த வேண்டாம் என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

நீ வரும்வரை நான் இங்கேயே இருக்கிறேன். நீ வந்ததும் போகச் சொன்னால் போய்விடுகிறேன்.

ஜிஃபா


கேட்டா,
நவம்பர் 16

ஜிஃபா,

நீ ஹோவுக்குத் திரும்பிய பிறகு அனுப்பிய தந்தி கிடைத்திருக்கும். அக்காவை வரும் சனிக்கிழமை அடக்கம் செய்கிறோம்.

ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் நீ அவளைக் குளிப்பாட்டியதும், மாற்றி மாற்றி உடுத்தியதும் எனக்குத் தெரியும். அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன். அந்த வார்த்தை வரவில்லை. பிறகு வரலாம். வராமலும் போகலாம்.

இதை எழுதுவது வேறு விஷயத்துக்காக. ஊரில் யாயிராவின் பெயரை இழுக்கிறார்கள். அக்காவுக்குச் சமைத்துப் போட்டவள் அவள்தானே, சூப்பில் ஏதோ வைத்துவிட்டாளாம். மாமியாரின் மார்பில் கட்டியை ஏவிவிட்டாளாம். நேற்று எங்கள் பெரியப்பா வீட்டு ஆட்கள் வந்து அவள் பெட்டியை எடுத்துத் தெருவில் வைத்தார்கள். எலோம் தடுக்கவில்லை. பிள்ளைகள் இரண்டும் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தன. நான் எடுத்துச் சொன்னேன். "நர்ஸம்மா, இங்க்லீஷ் சீக்கைப் பத்தி நீ சொல்லு, இது அந்தச் சீக்கு இல்ல" என்றார்கள்.

உன் குரலை நம்புவார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு எரிகிறது. இப்போது அதுதான் வேண்டும்.

சனிக்கிழமை எல்லாரும் கூடியிருக்கும்போது நீ எழுந்து நில். அந்தக் கட்டி என்ன, உடம்பில் எப்படி வந்தது, யாரும் ஏவி அது வருவதில்லை என்று சொல். எங்கள் அம்மாவுக்கும் இருந்தது என்று சொல். எப்போது அவள் கையில் பட்டது, ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, யார் பேச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்பதையும் சொல். அந்தப் பகுதியைச் சொன்னால்தான் மற்றதை நம்புவார்கள். கூட்டம் கூச்சல் போடும். பெரியப்பா உன்னை அடிக்கக்கூட வரலாம். நான் பக்கத்தில் நிற்பேன்.

உவமை ஒன்றும் வேண்டாம். சிரிக்க வைக்காதே. குழந்தைக்கும் புரிகிற மாதிரிச் சொல், ஆனால் எதையும் விடாதே.

முடிந்ததும் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போ. நான் பரிமாறுகிறேன். உன்னோடு பேசுவேனா என்று இப்போது சொல்ல முடியவில்லை.

காஃபுயி